இடது மேல் மூலை

ஓமனா அக்காவை எனக்கு முதலில் தெரிந்தது துடைப்பமும் கையுமாகத்தான். நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி போகிற சாலையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி; அதில் அஞ்சு என்கிற நான் உதவிப் பேராசிரியை, அவர் எங்கள் துறையின் அட்டெண்டர். காலை எட்டரைக்கு ஆய்வகத்தைத் திறந்து கூட்டித் துடைப்பார். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் தட்டில் டீ கொண்டுவருவார். முழுதாக ஒரு வருடம் அவர் கையால் டீ குடித்தும், எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று நான் கேட்டதில்லை. நேரமில்லை என்று சொல்லலாம், ஆனால் அது பொய். கேட்கத் தோன்றவில்லை.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஊர் வில்லுக்குறிக்குப் பக்கம். பதினாறு வயதில் அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவர். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். முதல் ஆறு வருடம் கொட்டையை அடித்து உடைக்கிற வேலை. அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்து வெந்து போகும். பிறகு தோல் உரிக்கிற வேலை. கடைசிப் பதிமூன்று வருடம் கிரேடிங்கில் இருந்தார். டியூப்லைட்டுக்குக் கீழே தட்டில் பருப்பைக் கொட்டி, வெள்ளை தனியாக, லேசாகக் கருகியது தனியாக, முழுசு தனியாக, விளிம்பு உடைந்தது தனியாகப் பிரிப்பது. அங்கே கிரேடிங் மேசைக்கு எல்லோரையும் விடமாட்டார்கள். கண் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்த இடம்.

கணவர் சுடலையாண்டி லாரியில் கிளீனர். மகள் ஜிஷா நாலாம் வகுப்பு படிக்கும்போது பாலக்காட்டுப் பக்கம் நடந்த விபத்தில் போய்விட்டார். அப்புறம் அண்டி ஆபீசையும் மூடினார்கள். யாரோ சொல்லி எங்கள் கல்லூரிக்கு வந்தார். ஜிஷாவை நர்சிங் படிக்க வைத்தது இந்தத் துடைப்பமும் டீத் தட்டும்தான்.

நான் அப்போது முனைவர் பட்டத்துக்கான ஆய்வில் இருந்தேன். விஷயம் இதுதான். ஒரு புகைப்படத்தை அப்படியே சேமித்தால் இடம் அதிகம் பிடிக்கும், அனுப்ப நேரம் பிடிக்கும். அதனால் அதைச் சுருக்குகிறோம். வேவ்லெட் என்கிற முறையில் படத்தை மாவு சலிப்பதைப் போலப் பல கண் அளவுள்ள சல்லடைகளில் சலிப்போம். பெரிய வடிவங்கள் ஒரு அடுக்கில், அதைவிடச் சிறியவை அடுத்த அடுக்கில், மிக நுணுக்கமான கோடுகளும் புள்ளிகளும் கடைசி அடுக்கில் நிற்கும். நுணுக்கமான அடுக்குகளில் இருப்பதைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக மழித்துவிட்டால் படம் சுருங்கிவிடும். மழித்த இடத்தில் பிழை வரும். பிழை வந்தால் வரட்டும், பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருந்தால் போதும். எந்தப் பிழை, எந்த அளவில், மனிதக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது? அதை அளப்பதுதான் என் வேலை.

கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. ஆட்களை உட்கார வைத்துக் கேட்டால்தான் தெரியும். நான் பன்னிரண்டு மாணவர்களைப் பிடித்து வைத்திருந்தேன். ஜன்னலில் கறுப்புத் துணி அடித்த சின்ன அறை, மோவாயை வைக்க மரத்தில் செய்த தாங்கி, ஒரு மீட்டர் தள்ளித் திரை. திரையின் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறி இருக்கும். அதை மட்டும்தான் பார்க்க வேண்டும், கண்ணை நகர்த்தக் கூடாது. அரை நொடி ஒரு படம் வந்து மறையும். படத்தின் நாலு மூலையில் ஏதோ ஒன்றில் மட்டும் பிழையைப் போட்டிருப்பேன். எந்த மூலை என்று எண் விசைகளில் அழுத்திச் சொல்ல வேண்டும். இடது மேல் மூலை ஏழு, வலது மேல் மூலை ஒன்பது, கீழே ஒன்று, மூன்று. விசைப்பலகையில் அந்த எண்கள் இருக்கிற இடமே அதுதான் என்பதால் யாருக்கும் குழப்பம் வராது. சரியாகச் சொல்லச் சொல்ல, பிழையைச் சிறிதாக்கிக்கொண்டே போகும் என் புரோகிராம். எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ அதுதான் அந்தக் கண்ணின் எல்லை.

மாணவர்களுக்கு இருட்டறை கிடைத்தால் தூக்கம் வரும். பத்தாவது நிமிடத்தில் மோவாய்த் தாங்கியிலேயே குறட்டை விட்ட ஒருவன் இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான், நன்றாக இருக்கட்டும்.

அப்படி ஒருநாள் அறையைக் கூட்ட வந்த ஓமனா அக்கா, நான் திரையில் சும்மா நிறுத்தி வைத்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள், பின்னால் வானம்.

"மேடம், அந்தக் காத்தாடிக்க ஓரத்துல வானத்துல பொடி கிடக்குல்லா? திரைய துடைக்கணுமா?" என்றார்.

துடைக்க வேண்டியது எதுவும் இல்லை. அந்த இடத்தில் நான் பிழை வைத்திருந்தேன். மாணவர் ஒருவருக்கும் தெரியாத அளவு என்று எழுதியும் வைத்திருந்தேன்.

"எங்க அக்கா? தொட்டுக் காட்டுங்க."

தொட்டுக் காட்டினார். விரல் சரியாக அங்கே போய் நின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இரண்டு மாதம் மாணவர்களைத் தாங்கிப் பிடித்து எடுத்த கணக்கை, துடைப்பத்தை ஊன்றி நின்ற ஒருவர் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்.

அடுத்த நாளே உட்கார வைத்தேன். ஒரு கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. யாருக்கு எந்தக் கண் முந்தி நிற்கிறதோ அந்தக் கண். காகிதத்தில் துளை போட்டு, அதன் வழியாகக் கதவுக் கைப்பிடியைப் பார்க்கச் சொல்வோம். எந்தக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாரோ அது. அவர் யோசிக்காமல் வலது கண்ணுக்குக் கொண்டுபோனார். இடது கண்ணைத் துணிப்பட்டையால் மூடினேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மல்லுக்கு நின்றார். தெரியவில்லை என்றாலும் ஏதாவது ஒரு எண்ணை அழுத்தியே ஆக வேண்டும் என்பது விதி.

"தெரியாதத தெரியும்னு சொல்லவா மேடம்? அண்டி ஆபீசில அப்பிடி செய்தா மேசைய விட்டு எழுப்பி விட்டுருவாவ."

"இது அப்படி இல்லக்கா. தெரியலன்னாலும் மனசுக்குத் தோணுறத அழுத்துங்க. தப்பா இருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பொறவு எனக்க மேல பழி வரப்படாது, ஆமா," என்று சொல்லிவிட்டுத்தான் மோவாயை வைத்தார்.

ஜூனிலிருந்து டிசம்பர் வரை, வாரம் இரண்டு நாள், டீ வேலை முடிந்ததும் அரை மணி நேரம். பன்னிரண்டு மாணவர்களில் சிறந்தவனுடைய எல்லையில் பாதிக்குக் கீழே இருந்தது ஓமனா அக்காவின் எல்லை. அதோடு நிற்கவில்லை. ஒருநாள் எழுந்து கண்பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"நேரா நிக்கிற பொடியும் படுத்துக் கிடக்கிற பொடியும் வெக்குனு தெரியுது. சரிஞ்சு கிடக்கிறது மட்டும் கண்ணுக்குப் பிடி தர மாட்டேங்குது. அப்பிடித்தானா எல்லாருக்கும்?"

எல்லோருக்கும் அப்படித்தான். நெட்டும் கிடையுமான பிழைகளைவிடக் குறுக்குச் சாய்வான பிழைகளைக் கண் எளிதில் விட்டுவிடும். நான் அதை ஆய்வுக் கட்டுரைகளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்தார். நெல்வயல் படத்தில் எவ்வளவு பிழையைக் கொட்டினாலும் நாற்றுக்குள் மறைந்துவிடுகிறது என்றும், இனயம் கடற்கரைப் படத்தில் வானத்தில் துளி பிழையைக்கூட ஒளிக்க முடியவில்லை என்றும் அவரே சொன்னார். அன்று அவருக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். "கொள்ளாம், நல்லா இருக்கு," என்று குடித்தார், சர்க்கரை கூடுதல் என்று முகம் சொன்னது.

அவருக்கு அந்த அறை மிகவும் பிடித்துவிட்டது. வேறெங்கும் அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, கொண்டு வா, எடுத்துப் போ என்றுதான் சொல்வார்கள். இங்கே ஒரு கம்ப்யூட்டரே அவரிடம் கேள்வி கேட்டு, பதிலைக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஜிஷாவிடம் போனில், "எனக்க கண்ணப் பத்தி மேடம் புக்கு எழுதுதாவ" என்று சொல்லிக்கொண்டிருந்ததை வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரியில் இரண்டாம் சுற்று ஆரம்பித்தேன். முதல் சுற்றை அப்படியே திரும்பச் செய்து, எண்கள் மாறாமல் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு மாறாமல் வந்தது. ஓமனா அக்காவுக்கு மட்டும் எல்லை மேலே ஏற ஆரம்பித்தது. பிழையைப் பெரிதாக்கினால்தான் சொன்னார். பிப்ரவரியில் இன்னும் ஏறியது. பிரித்துப் பார்த்தால் மூன்று மூலைகளில் ஓரளவு சரியாகவே சொல்கிறார், இடது மேல் மூலையில் மட்டும் தப்பு. ஏழை அழுத்த வேண்டிய இடத்தில் மூன்று, ஒன்பது, ஒன்று என்று கை போன போக்கில் அழுத்தியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? பொறியாளர் செய்வதைச் செய்தேன். விசைப்பலகையில் ஏழாம் எண் விசை போய்விட்டது என்று புதிய விசைப்பலகை வாங்கினேன். மாறவில்லை. திரையின் அந்த மூலையில் வெளிச்சம் குறைந்துவிட்டதோ என்று மானி வைத்து இரண்டு தடவை அளந்தேன். குறையவில்லை. புரோகிராமில் பிழை இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வரி வரியாகப் படித்தேன், சரியாகவே இருந்தது. திரையைச் சந்தேகப்பட்டேன், விசையைச் சந்தேகப்பட்டேன், என் புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஒன்றே ஒன்று மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தது. அது என் மூளையில் ஏறவே இல்லை.

என் வழிகாட்டி ஸ்ரீகுமார் சாரிடம் எண்களைக் காட்டினேன். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். "அந்த அம்மாவுக்கு அலுத்துப்போச்சு அஞ்சு. எட்டொன்பது மாசமா ஒரே வேலை, யாருக்குத்தான் அலுக்காது? ஆரம்பத்து ஆர்வம் இப்ப இல்ல. ஆளையே எடுத்துருங்க. ஒரு ஆள் இல்லாட்டா வரைபடம் அழகா வரும்," என்றார்.

மார்ச்சில் கடைசியாக ஒருமுறை உட்கார வைத்தேன். நாற்பது முறை இடது மேல் மூலையில் பிழையைப் போட்டேன். யாராக இருந்தாலும் பளிச்சென்று தெரிய வேண்டிய அளவு. பதினோரு தடவைதான் ஏழு அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் நாலில் ஒன்று சரியாக வந்துவிடும், அதே கணக்கு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஐந்து மாதம்தான் இருந்தது.

"என்னக்கா இது? ஏழுன்னு ஒரு எண் இருக்கிறதையே மறந்துட்டியளா? கொஞ்சம்கூட கவனமில்லாம உக்காந்திருக்கிய. முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம்லா? எனக்க வேலையும் கெட்டுது, உங்க நேரமும் கெட்டுது."

ஓமனா அக்கா கண்பட்டையை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "அந்த மூலையில நிங்க ஒண்ணும் போடல்லன்னு நினைச்சேன் மேடம்," என்றார். அதைச் சாக்கு என்று நினைத்தேன். "போட்டிருந்தேன்," என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மூன்று மணி டீ வந்தது, வழக்கம்போல என் மேசையில் வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

கவனமில்லை என்ற வார்த்தையை நான் அந்த அறைக்குள் மட்டும் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. துறையில் இரண்டு மூன்று பேரிடம் புலம்பினேன். மே மாதம் முதல்வர் அறைக்கு டீ கொண்டுபோனபோது ஓமனா அக்கா கதவு நிலையில் இடித்துக்கொண்டார். தட்டு சரிந்து, மேசையிலிருந்த கோப்புகள் மேலெல்லாம் டீ. "இவங்களுக்கு இப்ப கொஞ்ச நாளா கவனமே இல்ல சார்" என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னாராம். என் வாயிலிருந்து போன வார்த்தைதான் அங்கே போய் நின்றது. ஜூனில் இருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் லீவில் இருந்தேன், திரும்பி வந்தபோது வேறொருவர் டீ கொண்டுவந்தார். விசாரித்தேன். ஐயோ பாவம் என்றேன். அதோடு ஆய்வேட்டுக்குத் திரும்பினேன்.

ஆகஸ்டில் சமர்ப்பித்தேன். வரைபடம் அழகாகவே வந்திருந்தது. அடுத்த ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு முடிந்து, பெயருக்கு முன்னால் முனைவர் வந்தது.

மே மாதம் அப்பாவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். படிக்கும்போது கண் வலிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணழுத்தம் கூடுதல், பார்வைப் பரப்பைச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். உள்ளே ஓர் இருட்டறை. அப்பாவை உட்கார வைத்து, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடினார்கள். "நடுவுல தெரியுற மஞ்சள் வெளிச்சத்த மட்டும் பாருங்க, கண்ண அசைக்காதீங்க. ஓரத்துல எங்கயாவது சின்னதா வெளிச்சம் மின்னிச்சுன்னா பட்டன அழுத்துங்க," என்றாள் அங்கே இருந்த பெண்.

அந்த அறையை எனக்குத் தெரியும். அதை நானே ஒருமுறை கட்டியிருந்தேன்.

டாக்டர் தாளைக் காட்டினார். அப்பாவின் வலது கண், இடது மேல் மூலையில் லேசான சாம்பல் நிறம். "கிளாக்கோமா. பெரும்பாலும் இப்படி மூக்குப் பக்கமா மேல் மூலையிலதான் ஆரம்பிக்கும். நல்ல நேரத்துல வந்துட்டீங்க. சொட்டு மருந்து விட்டா இப்படியே நிறுத்திடலாம்."

"ஆளுக்குத் தெரியாதா டாக்டர்? ஒரு மூலை காணாமப் போனா?"

"தெரியாது. கறுப்பா ஓட்டை விழுந்த மாதிரி யாரும் பாக்கிறதில்ல. சுத்தி இருக்கிறத வெச்சு மூளை அந்த இடத்த நிரப்பிடும். நேராப் பாக்கிற இடம் கடைசி வரைக்கும் நல்லா இருக்கும், எழுத்தெல்லாம் படிப்பாங்க. நோய் முத்தி இடிச்சுக்க ஆரம்பிச்ச பிறகுதான் வருவாங்க."

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு என் கணினியைத் திறந்தேன். ஓமனா அக்காவின் பதிவுகளை ஆய்வேட்டிலிருந்துதான் எடுத்திருந்தேன், அழிக்கவில்லை. 'வேண்டாதது' என்று பெயர் போட்ட ஒரு கோப்புறைக்குள் கிடந்தன. டிசம்பர் வரை நாலு மூலையும் சமம். ஜனவரியில் ஒரு மூலையில் சரியான பதில்கள் குறைகின்றன. பிப்ரவரியில் இன்னும். மார்ச்சில் அந்த மூலையே இல்லை. மனிதக் கண் எதைக் கவனிக்காமல் விடும் என்று நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள், ஒரு பெண்ணின் கண் என் முன்னால் போய்க்கொண்டிருப்பதைக் கட்டம் கட்டமாக எழுதி வைத்துவிட்டு, அவரைக் கவனமில்லை என்று திட்டியிருக்கிறேன். அன்று அழுதேன். அழுதது எனக்காகத்தான் என்று அப்போதே தெரிந்ததால் சீக்கிரமே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை வில்லுக்குறிக்குப் போனேன். தக்கலையில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் பொட்டலம் போடுகிறார் என்றார்கள். அங்கே போனேன். கடையின் பின்பக்கம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வாசலில் இடது பக்கமாக வந்து நின்ற என்னை அவர் பார்க்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தலையை முழுதாகத் திருப்பினார்.

"அஞ்சு மேடமா? எப்ப வந்திய? இருக்கதுக்கு இடமில்லையே இங்க."

"அக்கா, எனக்க கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். கண்ணு பாக்கணும்."

"எனக்க கண்ணுக்கு என்ன? ஊசியில நூல் கோப்பேன் இப்பவும்."

"கோப்பிய. ஆனாலும் வரணும்."

என் முகத்தைப் பார்த்தார். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். பேருந்தில் ஏறும்போது படியில் கால் தட்டியது. நான் கையைப் பிடித்தேன். முன்பெல்லாம் இப்படித் தட்டாது, இப்போது எல்லாப் படியையும் உயரமாக வைக்கிறார்கள் என்றார்.

சோதனை முடிய ஒரு மணி நேரம் ஆனது. டாக்டர் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். இடது கண்ணில் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் கறுப்பு. அந்தக் கண் பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். வலது கண்ணில் மேல் பாதி முழுவதும் கறுத்திருந்தது.

நான் கொண்டுபோன தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். மார்ச் மாத எண்களை மூலை மூலையாகப் படமாகப் போட்டிருந்தேன். டாக்டர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் எடுத்தது?"

"நான்தான் டாக்டர். கல்லூரியில. வேற ஒரு ஆராய்ச்சிக்காக."

"எப்ப?"

"பதினாலு மாசம் முந்தி."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அப்ப ஒரு மூலைதான் போயிருந்திருக்கு," என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார். பிறகு ஓமனா அக்காவிடம் பொறுமையாக விளக்கினார். போனது திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றலாம். ஒருநாள்கூட விடாமல் சொட்டு மருந்து விட வேண்டும், அழுத்தம் இறங்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. குடும்பத்தில் வரக்கூடிய நோய், மகளுக்கும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஜிஷா பெயரைக் கேட்டபோதுதான் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணில் விட்ட மருந்தினால் அவருக்கு வெளிச்சம் கூசியது, தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரியில் பார்த்தது, விசைப்பலகை மாற்றியது, ஸ்ரீகுமார் சார் சொன்னது, நான் திட்டியது, முதல்வர் அறை வரை போன வார்த்தை எல்லாம்.

முடித்த பிறகு அவர் சொன்னார்: "ஒரு வாட்டி கேட்டிருக்கப்படாதா மேடம்? ஓமனா, கண்ணுக்கு என்ன செய்யுதுன்னு?"

"கேட்டிருக்கணும் அக்கா."

"நான் சோம்பலா இருக்கேன்னு நானே நினைச்சுட்டேன். வேலை போன பொறவு வீட்டுல இருந்து நினைப்பேன், ஒரு மூலைய ஒழுங்கா பாக்க முடியல்ல, பொறவு எப்பிடி வேலை குடுப்பாவன்னு. ஜிஷாட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். எனக்கு ஓர்மையும் இல்ல கவனமும் இல்ல மக்களேன்னு." குரல் உயரவில்லை. "தேச்சியம் வருது மேடம். உங்க மேல கோவம் வருது. மறைச்சு வைக்க எனக்குத் தெரியாது."

"வரட்டும் அக்கா."

மருந்துக் கடைப் பையன் சீட்டு எண்ணைக் கூப்பிட்டான். நான் போய் மருந்தை வாங்கிவந்தேன். பாட்டிலை அவர் கையில் வாங்கி, மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, பைக்குள் வைத்தார். எத்தனை வேளை என்று கேட்டார். இரவு ஒரு வேளை, இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு என்றேன். ஜிஷாவை எப்போது கூட்டிவரலாம் என்று கேட்டார். சனிக்கிழமை நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். வேண்டாம், நாங்களே வந்துகொள்வோம் என்றார்.

"புக்கு எழுதி முடிச்சிட்டியளா?"

"முடிச்சாச்சு அக்கா. பட்டமும் வந்தாச்சு."

"அதுல நான் சொன்னது எது எது இருக்கு?"

பொய் சொல்ல ஒரு நொடி மனசு போனது. அவருக்கு அதைப் படிக்க இங்கிலீஷ் தெரியாது. "ஒண்ணும் இல்ல அக்கா. உங்க பேர்ல இருந்தது எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

ஓமனா அக்கா கூசும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, தலையை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தப்பா சொன்னத எடுத்திய, சரி. முதல்ல ஏழு மாசம் சரியா சொன்னேனே, அதையுமா?"

"அதையும்தான் அக்கா," என்றேன்.